2014ல வாங்கின டிக்கெட்டை 2024ல தேடின கதை (முழு கேஸ்)

2024 ஜூன் கடைசில ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு மாப்ள (பேரு செந்தில்குமார் பழனிசாமின்னு வெச்சுக்கோங்க) போன் பண்ணான், ஹலோ கூட சொல்லல, "டேய் நான் கிரிமினலாடா?" அப்டின்னு ஆரம்பிச்சான்.

விஷயம் இதுதான். அவன் சிட்டிசன்ஷிப்புக்கு என்-400 ஃபார்ம் ஃபில் பண்ணிட்டு இருந்தான், க்ரீன் கார்டு வாங்கி அஞ்சு வருஷம் ஆகப்போகுது, வக்கீல் மேடம் ஒவ்வொரு கேள்வியா கேட்டுட்டே வந்திருக்காங்க. போலீஸ் எப்பவாவது அரெஸ்ட் பண்ணிருக்கா, சைட்டேஷன் (டிக்கெட் மாதிரி எழுதிக் குடுக்கற நோட்டீஸ்) குடுத்திருக்கா, புடிச்சு வெச்சிருக்கான்னு ஒரு கேள்வி. அஞ்சு வருஷத்துக்குள்ளன்னு இல்ல, வாழ்க்கைல எப்பவாவது. இவன் ரொம்ப கேஷுவலா "ஒரே ஒரு ஸ்பீடிங் டிக்கெட் மேடம், 2014ல, வர்ஜீனியாவுல, வக்கீல் வெச்சு முடிச்சாச்சு"ன்னு சொல்லிருக்கான். அவங்க எழுதறத நிறுத்திட்டு "வர்ஜீனியாவா? எவ்ளோ ஸ்பீடு?"ன்னாங்களாம். 83 மைல். லிமிட் 70. "அப்ப அது டிக்கெட் இல்லப்பா, அந்த கோர்ட்லேர்ந்து சர்ட்டிஃபைட் டிஸ்பொசிஷன், அதாவது கேஸ் எப்டி முடிஞ்சுதுன்னு முத்திரை போட்ட பேப்பர், வாங்கிட்டு வா, அதுவரைக்கும் நான் ஃபைல் பண்ண மாட்டேன்"னு சொல்லிட்டாங்க.

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். வர்ஜீனியாவுல 46.2-862னு ஒரு சட்டப்பிரிவு இருக்கு, ரெக்லெஸ் டிரைவிங் பை ஸ்பீட். லிமிட்டுக்கு மேல 20 மைல் போனாலோ, இல்ல லிமிட் என்னவா இருந்தாலும் சரி ஒரு குறிப்பிட்ட வேகத்த தாண்டினாலோ அது சாதா ட்ராஃபிக் தப்பு கிடையாது, க்ளாஸ் 1 மிஸ்டிமீனர், அதாவது கிரிமினல் குற்றம், 12 மாசம் வரைக்கும் ஜெயில், 2,500 டாலர் வரைக்கும் ஃபைன். அந்தக் குறிப்பிட்ட வேகம் 2014ல 80ஆ இருந்துச்சு, 2020 ஜூலை 1லேர்ந்து தான் 85 ஆக்கினாங்க. அதாவது மாப்ள இன்னிக்கு அதே ரோட்டுல அதே 83ல போயிருந்தா வெறும் ஸ்பீடிங், ஆன்லைன்ல காசு கட்டிட்டு மறந்துடலாம், அன்னிக்கு போனதால கிரிமினல் சார்ஜ். நியூ ஜெர்சிலேர்ந்து கரோலினா பக்கம் கார்ல போற நம்மாளுங்க பாதிப் பேருக்கு இந்த விஷயம் போலீஸ் லைட்டு பின்னாடி சுத்தும்போது தான் தெரிய வருது.

சரி, கைல என்ன இருக்குன்னு கேட்டேன். ஒண்ணும் இல்ல. டிக்கெட்டோட மஞ்சள் பேப்பர் மூணு வீடு மாறினதுல போயிடுச்சு. கோர்ட்டுக்கு அவன் போகவே இல்ல, வக்கீல் தான் போனார், அவர் பேரும் ஞாபகம் இல்ல. டிக்கெட் வாங்கின ஒரு வாரத்துல வர்ஜீனியா வக்கீலுங்ககிட்டேர்ந்து வீட்டுக்கு லெட்டரா வந்து குவியும், வாங்கினவங்களுக்குத் தெரியும், அதுல ஒண்ணப் பாத்து செக் அனுப்பிருக்கான். ஞாபகம் இருந்தது ரெண்டே ரெண்டு. தேங்ஸ்கிவிங் (நவம்பர் கடைசில வர்ற பண்டிகை) முந்தின நாள் ராத்திரி, நியூ ஜெர்சி எடிசன்லேர்ந்து நார்த் கரோலினா சார்லட்ல இருக்கற அக்கா வீட்டுக்குப் போகும்போது. அப்புறம் கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பேரு மெக்லன்பர்க்.

இதுக்கு நடுவுல அவனே ஒரு வேலை பண்ணி வெச்சிருந்தான். கூகுள்ல "ட்ராஃபிக் டிக்கெட் ரெக்கார்ட்"னு போட்டா மேல வர்றது பூரா விளம்பரம், கவர்மென்ட் சைட் மாதிரியே கழுகு படம் கொடி படம் எல்லாம் போட்டு வெச்சிருப்பானுங்க. அதுல ஒண்ணுல ஒரு டாலர் ட்ரயல்னு கார்டு நம்பர் குடுத்திருக்கான், பத்து நிமிஷம் பச்சைக் கோடு ஓடி ஓடி "ரெக்கார்ட்ஸ் ஃபவுண்ட்"னு காட்டி, கடைசில வந்தது அவன் பழைய அபார்ட்மென்ட் அட்ரஸும் யாரோ ஒரு கலிஃபோர்னியா பழனிசாமியோட பேரும். அடுத்த மாசமே கார்டுல முப்பது டாலர் புடிச்சிட்டான், கேன்சல் பண்ண நாப்பது நிமிஷம் போன்ல. நான் திட்டினேன். கோர்ட் ரெக்கார்ட் இந்த நாட்டுல பொதுச் சொத்து மாதிரி, பெரும்பாலும் கோர்ட்டோட சொந்த சைட்ல சும்மாவே பாக்கலாம், எந்த கோர்ட்டுன்னு தெரியணும், அவ்ளோதான். ஆனா அந்த "அவ்ளோதான்" தான் எங்க ரெண்டு பேருக்கும் மூணு வாரம் தின்னுச்சு.

மெக்லன்பர்க்னு சொன்னான்ல, சார்லட் ஊரே மெக்லன்பர்க் கவுண்ட்டில தான் இருக்கு. அதனால நான் நேரா நார்த் கரோலினா சைட்டுக்குப் போனேன். அங்க இ-கோர்ட்ஸ்னு புது சிஸ்டம் (நம்மூர்லயும் அதே பேரு தான், சம்பந்தம் ஒண்ணும் இல்ல), மெக்லன்பர்க்ல 2023 அக்டோபர்ல தான் அது வந்துச்சு, வீட்ல உக்காந்தே பேர் போட்டுத் தேடலாம். தேடினேன், ஒரு மணி நேரம். ஒரு பழனிசாமி கிடைச்சார், வயசு ஒத்து வரல, வண்டி ஓட்டினதே வேற ஊர். அப்புறம் தான் மண்டைல உறைச்சுது, வக்கீல் மேடம் வர்ஜீனியான்னு சொல்லும்போது இவனும் வர்ஜீனியான்னு தானே சொன்னான், நான் எதுக்கு நார்த் கரோலினாவுல துழாவிட்டு இருக்கேன்? மேப்ப எடுத்துப் பாத்தா, பீட்டர்ஸ்பர்க்ல ஐ-95 விட்டு ஐ-85ல இறங்கி தெக்க போனா, பார்டருக்கு முன்னாடி கடைசி கவுண்ட்டி பேரும் மெக்லன்பர்க்! வர்ஜீனியாவுல ஒண்ணு, சார்லட்ல ஒண்ணு, ஒரே ரோட்டுல ரெண்டு மெக்லன்பர்க். ரெண்டுக்கும் அந்தக் காலத்து ராணி சார்லட்டோட பொறந்த வீட்டுப் பேர வெச்சிருக்கானுங்க.

வர்ஜீனியாவுல ட்ராஃபிக் கேஸ் எல்லாம் ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்குப் போகும். 95 கவுண்ட்டி, அதுக்கு மேல எந்த கவுண்ட்டியிலயும் சேராத 38 தனி சிட்டி. ஃபேர்ஃபாக்ஸ் கவுண்ட்டி வேற ஃபேர்ஃபாக்ஸ் சிட்டி வேற, அது ஒரு தனித் தலைவலி. நல்ல விஷயம் என்னன்னா வர்ஜீனியா சுப்ரீம் கோர்ட்டோட சைட் ஒண்ணுலயே ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் கேஸ் எல்லாம் பாக்கலாம், லிஸ்ட்ல கோர்ட்ட செலக்ட் பண்ணி, பேர் வெச்சோ கேஸ் நம்பர் வெச்சோ ஹியரிங் தேதி வெச்சோ தேடலாம், காசு கிடையாது. மெக்லன்பர்க் செலக்ட் பண்ணி பழனிசாமி போட்டேன். இல்ல. செந்தில்குமார் போட்டேன். இல்ல. (நிஜப் பேர் இது இல்ல, ஆனா இதே டைப் பேரு தான்.)

இங்க தான் மாப்ளைக்கு ஜுரம் வந்துச்சு. ஏன்னா இந்த கோர்ட்டுங்க ட்ராஃபிக் கேஸ் பேப்பர பத்து வருஷம் தான் வெச்சிருக்கும், அதுக்கப்புறம் அழிச்சிடலாம்னு அந்த ஊர் சட்டத்துலயே இருக்கு. இவனுக்கு டிக்கெட் போட்டு ஒம்போது வருஷம் ஏழு மாசம் ஆச்சு. "அழிச்சுட்டா நல்லது தானே, கேஸே இல்லன்னு சொல்லிடலாம்ல?"ன்னு கேட்டான் பாருங்க. அப்டி இல்ல. பேப்பர் போனாலும் நடந்தது நடந்தது தான், ஃபார்ம்ல ஆமான்னு தான் எழுதணும், அப்புறம் ரெக்கார்ட் இல்லன்னு கோர்ட்டே எழுதிக் குடுத்த லெட்டர் வேணும், அது இருந்தாலும் முடிவு என்ன ஆச்சுன்னு காட்ட ஒண்ணும் இருக்காது. அதவிட மோசம், மேடம் கேக்கறதே முடிவு தான். சார்ஜ் ரெக்லெஸ், சரி, கடைசில ஜட்ஜ் எதுல கில்ட்டின்னு போட்டார்? அது ரெக்லெஸ்ஸாவே நின்னுச்சா, கொறைச்சாங்களா? மாப்ளைக்குத் தெரிஞ்சது "வக்கீல் முடிச்சிட்டார்" மட்டும் தான். நியூ ஜெர்சி எம்விசி-ல (லைசென்ஸ் குடுக்கற ஆபீஸ்) டிரைவர் ஹிஸ்டரி எடுத்துப் பாத்தோம், அது கடைசி அஞ்சு வருஷக் கதை, சுத்தமா இருந்துச்சு, உபயோகம் இல்ல.

பழைய மெயில்ல தேடுன்னு சொன்னேன். "அட்டர்னி"ன்னு தேடினா ஆயிரத்து சொச்சம் மெயில், எல்லாம் எச்1பி, பெர்ம், ஐ-140னு விசா, க்ரீன் கார்டு சமாச்சாரம். பத்து வருஷ அமெரிக்க வாழ்க்கைல நமக்கு வக்கீல்கிட்டேர்ந்து வராத மெயிலா. அப்புறம் அவனே ஒரு விஷயம் சொன்னான், அந்த வக்கீல் ஸ்பீடோமீட்டர் சரியா காட்டுதான்னு செக் பண்ணி சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு வரச் சொன்னார், ஒரு மெக்கானிக் கடைல எழுபது எண்பது டாலர் குடுத்து வாங்கினேன்னு. வர்ஜீனியா வக்கீலுங்க வழக்கமா சொல்றது அது, கூடவே எட்டு மணி நேர டிரைவிங் க்ளாஸும் போகச் சொல்வாங்க, ஜட்ஜ் முன்னாடி நீட்டறதுக்கு. "கேலிப்ரேஷன்"னு தேடினான். ஒரே ஒரு மெயில். அதுல ஹியரிங் தேதி இருந்துச்சு, 2015 பிப்ரவரி, காலைல ஒம்போது மணி. கோர்ட் பேரும் இருந்துச்சு. மெக்லன்பர்க் இல்ல! அதே ஐ-85ல இருக்கற இன்னொரு கவுண்ட்டி (பேர் இங்க எதுக்கு). நிறுத்தி டிக்கெட் குடுத்துட்டு ட்ரூப்பர் (ஹைவே போலீஸ்) போனதுக்கு அப்புறம், கை நடுங்கிட்டே அம்பத்தஞ்சுல ஓட்டிட்டு வந்திருக்கான், கண்ணுல பட்ட பச்சை போர்டுல மெக்லன்பர்க் கவுண்ட்டின்னு எழுதிருக்கு, அது பத்து வருஷமா மண்டைல ஒட்டிக்கிச்சு.

சரியான கோர்ட்ட போட்டோம். பழனிசாமி. இல்ல. செந்தில்குமார். இல்ல. செந்தில் மட்டும். அப்பவும் இல்ல.

பேர்த் தேடல்ல தான் தோக்கறோம்னு ஆனதால ஹியரிங் தேதிக்குப் போனேன். தேதி, ட்ராஃபிக் பிரிவு, அவ்ளோதான் கேக்கும், அன்னிக்கு அந்த கோர்ட்ல வந்த அத்தன பேரையும் வரிசையா கொட்டும். பக்கம் பக்கமா போச்சு. ரெக்லெஸ், ரெக்லெஸ், 88/70, ரெக்லெஸ். படேல் நாலு பேர், ரெட்டி மூணு பேர், நம்ம ஜாதகமே அந்த ரோட்டுல கிடக்கு. எஸ்-ல வந்தப்ப நிறுத்தினேன்.

கடைசிப் பேர்: சென்டில்குமார் பழனி. முதல் பேர்: எஃப்என்யூ.

'செந்தில்'ல ஒரு எச் எழுத்து காணோம், அதனால சென்டில். பழனிசாமில 'சாமி'ய யாரோ சாப்ட்டாச்சு. எஃப்என்யூ எங்கேர்ந்து வந்துச்சுன்னு நம்மாளுங்க நிறைய பேருக்கு சொல்லவே வேணாம். நமக்குத் தான் குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாதே, பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்த காலியா விட்டு, சொந்தப் பேரு அப்பா பேரு ரெண்டையும் கிவன் நேம்ல போட்டு வாங்கிட்டு வருவோம். அமெரிக்க விசா அடிக்கும்போது அந்த முழுப் பேரும் சர்நேம் ஆயிடும், முதல் பேர் கட்டத்துல 'ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்'. அப்டியே லைசென்ஸ்லயும் ஏறிடும். ஆஸ்பத்திரில "மிஸ்டர் ஃப்னூ"ன்னு கூப்டா நம்மாளு தான் எந்திரிச்சுப் போவான். மாப்ள 2017ல பாஸ்போர்ட் ரினியூ பண்ணும்போது பேரப் பிரிச்சு செந்தில்குமார் ஒரு பக்கம் பழனிசாமி ஒரு பக்கம்னு ஒழுங்கு பண்ணிட்டான், க்ரீன் கார்டும் அப்டித்தான், அதனால இப்ப இருக்கற பேர வெச்சே தேடிட்டு இருந்தோம். 2014ல அவன் யாரா இருந்தான்னு ரெண்டு பேருக்குமே தோணல. அதுக்கு மேல ராத்திரி இருட்டுல ட்ரூப்பர் கையால எழுதினது, அத கோர்ட்ல ஒருத்தர் பாத்து டைப் பண்ணது, எச் எங்க விழுந்துச்சோ.

க்ளிக் பண்ணேன். இந்தப் பக்கத்த எப்டிப் படிக்கறதுன்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா மாப்ள இதப் பாத்துட்டு தான் அன்னிக்கு ரெண்டாவது தடவ "நான் கிரிமினலா"ன்னு கேட்டான். மேல ஜிடி-ன்னு ஆரம்பிக்கற கேஸ் நம்பர், ஜிடி-க்கு அடுத்த ரெண்டு எழுத்து வருஷம். பொறந்த தேதில மாசமும் நாளும் இருக்கும், வருஷத்த மறைச்சிருப்பாங்க. சார்ஜ்: ரெக்லெஸ், 46.2-862, மிஸ்டிமீனர், க்ளாஸ் 1. அதுக்குக் கீழ 'அஃபென்ஸ் டேட்', அது பக்கத்துலயே 'அரெஸ்ட் டேட்'. அரெஸ்ட்! "டேய் என்னை அரெஸ்ட்டே பண்ணல, லைசென்ஸ் வாங்கிட்டுப் போனான், பேப்பர் குடுத்தான், கையெழுத்து போட்டேன், போன்னு சொன்னான்"னு கத்தறான். பதறாதன்னு மேல ஸ்டேட்டஸ காட்டினேன், 'ரிலீஸ்ட் ஆன் சம்மன்ஸ்'. டிக்கெட் குடுத்து கோர்ட்டுக்கு வான்னு அனுப்பினாலும் அந்தக் கட்டத்துல டிக்கெட் தேதிய போட்டு வெச்சிருவாங்க, ஃபார்ம் அப்டி. ஆனா யாராவது வெளியாள் பாத்தா அரெஸ்ட்னு தான் படிப்பான், அதனால தான் இந்த ஸ்க்ரீன் ஷாட்ட மட்டும் அனுப்பி வைக்கறது தப்புன்னு எனக்குத் தோணுது, பேப்பர் வாங்கிடணும்.

அதுக்கும் கீழ தான் நாங்க மூணு வாரமா தேடினது. 'அமெண்டெட் சார்ஜ்', அதாவது மாத்தின சார்ஜ்: இம்ப்ராப்பர் டிரைவிங், 46.2-869. கேஸ் டைப்: இன்ஃப்ராக்ஷன், சாதா ட்ராஃபிக் தப்பு. ஃபைனல் டிஸ்பொசிஷன்: கில்ட்டி. ஜெயில் கட்டம் காலி. ஃபைனும் கோர்ட் செலவும் சேத்து 500 டாலருக்கு உள்ள, பெய்டு, கட்டின தேதியோட. இம்ப்ராப்பர் டிரைவிங்னா வர்ஜீனியாவுல கிரிமினல் குற்றம் கிடையாது, அதிகபட்சம் 500 டாலர் ஃபைன் தான், அதுக்கு ஜெயிலே இல்ல. அந்த லெட்டர் வக்கீல் கெட்டிக்காரர். ரெக்லெஸ்ஸாவே நின்னிருந்தா இன்னிக்கு கதை வேற.

"அப்ப இதுக்குப் பேப்பரே தேவையில்லல, 500க்குக் கீழ இருந்தா வேணாம்னு ஃபார்ம் இன்ஸ்ட்ரக்ஷன்ல இருக்கே"ன்னு கேட்டான். இருக்கு. அரெஸ்ட் இல்லாம, குடி போதை சம்பந்தம் இல்லாம, தண்டனை 500 டாலருக்குக் கீழ ஃபைன் மட்டும்னா, இல்ல லைசென்ஸ்ல பாயிண்ட் மட்டும்னா, ட்ராஃபிக் கேஸுக்கு டாக்குமென்ட் கேக்கறதில்ல. ஆனா அது பேப்பர் வேணாம்னு தான் சொல்லுது, கேள்விக்கு இல்லன்னு பதில் போடலாம்னு சொல்லல. இந்த ரெண்டையும் குழப்பிக்கறவங்க நிறைய. இவன் கேஸ்ல ஆரம்ப சார்ஜ் மிஸ்டிமீனர், ஆன்லைன்ல அரெஸ்ட்னு ஒரு வார்த்தை வேற, மேடம் வாங்கியே ஆகணும்னுட்டாங்க. எனக்கும் அது தான் சரின்னு பட்டுச்சு.

சர்ட்டிஃபைட் காப்பிக்கு கோர்ட் க்ளர்க் ஆபீஸுக்குப் போன் போட்டான். சின்ன ஊர், ரெண்டாவது ரிங்லயே எடுத்தாங்க ஒரு அம்மா, இவன் பேர எழுத்து எழுத்தா சொல்ல ஆரம்பிச்சதும் "ஹனி, கேஸ் நம்பர் மட்டும் சொல்லு"ன்னாங்களாம். கேஸ் நம்பர் தெரிஞ்சவனுக்கு ராஜ மரியாதை, பேர் மட்டும் தெரிஞ்சவனுக்கு கியூ. ஒரு லெட்டர், கேஸ் நம்பர், ஐடி காப்பி, சொந்த அட்ரஸ் எழுதி ஸ்டாம்ப் ஒட்டின கவர், காப்பிக்கு சில்லற காசுக்கு மணி ஆர்டர். ஒம்போதாவது நாள் வந்துச்சு.

வந்தது கம்ப்யூட்டர் பிரிண்ட் இல்லங்க, அன்னிக்கு ராத்திரி எழுதின அதே சம்மன்ஸோட ஜெராக்ஸ், முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கம். முன் பக்கம் ட்ரூப்பர் கையெழுத்துல 83/70. பின் பக்கம் ஜட்ஜ் பேனால கட்டத்துல டிக் போட்டு, ரெக்லெஸ்ஸ அடிச்சுட்டு கோணலா 869னு எழுதிருக்கார், கீழ 'எ காப்பி, டெஸ்டே'ன்னு (அசலோட காப்பி தான்னு சாட்சி) முத்திரையும் க்ளர்க் கையெழுத்தும். முன் பக்கக் கடைசில குற்றம் சாட்டப்பட்டவர் கையெழுத்து. மாப்ள எப்பவும் தமிழ்ல தான் கையெழுத்து போடுவான். வர்ஜீனியா கோர்ட் ஃபார்ம்ல, எச் போன பேருக்குக் கீழ, ப.செந்தில்குமார்னு கொஞ்சம் நடுங்கின எழுத்துல. பேர் ஸ்பெல்லிங் ஒத்து வரலையே இது நீதான்னு எப்டி நிரூபிக்கறதுன்னு கவலப்பட்டுட்டு இருந்தோம், அந்தக் கையெழுத்தும் பாஸ்போர்ட் கையெழுத்தும் அச்சு அசல்.

இதே மாதிரி தேடறவங்க வேற மாநிலத்துல இருந்தா கொஞ்சம் கொஞ்சம் மாறும். மேரிலாண்டுல மாநிலம் பூராவுக்கும் ஒரே கேஸ் சர்ச், நிம்மதி. நியூயார்க் சிட்டி அஞ்சு பரோலயும் (ஊரோட அஞ்சு பகுதி) வண்டி ஓட்டும்போது வாங்கின சாதா டிக்கெட் கோர்ட்டுக்கே போகாது, லைசென்ஸ் குடுக்கற டிஎம்வி-யோட ட்ராஃபிக் வயலேஷன்ஸ் பீரோ தான், அங்க கோர்ட் சைட்ல தேடி தேடி கண்ணு தான் போகும். டெக்சஸ்ல புடிச்சது சிட்டி போலீஸா இருந்தா முனிசிபல் கோர்ட், ஹைவே ட்ரூப்பரோ ஷெரிஃபோன்னா ஜேபி (ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்) கோர்ட். டிசி பக்கம் இருக்கறவங்க கவனிங்க, ஜார்ஜ் வாஷிங்டன் பார்க்வேல பார்க் போலீஸ் குடுத்தது ஃபெடரல் டிக்கெட், வர்ஜீனியா சைட்ல ஜென்மத்துக்கும் வராது, சென்ட்ரல் வயலேஷன்ஸ் பீரோன்னு தனி ஆபீஸ்.

மேடம் ஃபைல் பண்ணாங்க. இதுவரைக்கும் உபயோகிச்ச வேற பேர்னு ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்கு, அதுல எஃப்என்யூ, சென்டில்குமார் பழனி, எல்லாத்தையும் எழுதச் சொன்னாங்க. இன்டர்வியூ 2025 ஆரம்பத்துல வந்துச்சு. ஆஃபீஸர் அந்த ரெண்டு பக்கத்தையும் வாங்கி, திருப்பிப் பாத்து, "ரிலீஸ்ட் ஆன் சம்மன்ஸ், ஓகே"ன்னு ஒரு டிக் போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாராம், ஒரு நிமிஷம் கூட ஆகல. கடைசில மட்டும், சிட்டிசன்ஷிப்போட சேத்து பேர மாத்திக்கலாம், வசதி இருக்கு, மாத்தணுமான்னு கேட்டிருக்கார்.

"வேணவே வேணாம் சார்"னு தமிழ்லயே சொல்லிட்டு அப்புறம் இங்கிலீஷ்ல சொன்னானாம்.